துக்க நாட்களில் வாசனைத் தைலம்

துக்கத்தை ஆற்றும் எண்ணெய் என்று ஒன்று இல்லை. கடைகளில் அப்படிப் பெயர் ஒட்டி விற்கும் குப்பிகள் பல இருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. இறந்தவர் இல்லாத வலியை எந்த மூலிகையும் குறைக்காது. அது குறையட்டும் என்று துக்கத்தில் இருப்பவர்கள் பலர் கேட்பதும் இல்லை. அவர்கள் கேட்பது இன்னும் சிறியது. இன்றிரவு இரண்டு மணி நேரமாவது கண்ணயர வேண்டும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் இறப்புச் சான்றிதழை நீட்டும்போது தொண்டை அடைக்காமல் இருக்க வேண்டும். நெஞ்சை அழுத்தும் அந்த இறுக்கம் சற்று விட வேண்டும். துக்கம் மனத்தில் மட்டும் நடப்பதில்லை. மூச்சு மேலோட்டமாகிறது, பசி போகிறது, தூக்கம் துண்டு துண்டாகிறது, இதயம் படபடக்கிறது. நெருங்கியவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்புக்கான ஆபத்து வழக்கத்தைவிட ஏறத்தாழ 21 மடங்கு உயர்கிறது என்று 2012-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆகவே அந்த நாட்களில் உடம்பைக் கவனிப்பது சுயநலம் அல்ல. மணிக்கட்டில் தடவிய ஒரு சொட்டுத் தைலம் இந்த உடம்பு சார்ந்த பகுதியில் உதவக்கூடும். ஆனால் அந்த உதவியில் மூலிகையின் பங்கு சிறியது. நாம் அந்த வாசனையை எப்போது, எப்படிப்பட்ட மூச்சோடு சேர்த்துப் பழக்குகிறோம் என்பதுதான் பெரும்பங்கு. இதை ஏற்றுக்கொண்டால் எந்த எண்ணெயை வாங்குவது, எப்படிக் கலப்பது, எப்போது தொடாமல் இருப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தெளிவாகிவிடும்.

ஆதாரத்திலிருந்து தொடங்குவோம். பார்ப்பதும் கேட்பதும் மூளையில் தலாமஸ் என்ற நிலையத்தைத் தொட்டே மேலே போகின்றன. வாசனை அப்படிக் காத்திருப்பதில்லை. மூக்கின் கூரையில் உள்ள நரம்புகளிலிருந்து முகர்ச்சிக் குமிழுக்கும், அங்கிருந்து பயத்தையும் பாசத்தையும் கையாளும் அமிக்டலாவுக்கும் நேராகப் போய்விடுகிறது. அடையாளம் தெரிவதற்கு முன்பே ஒரு மணம் நம்மை உலுக்குவது இதனால்தான். லாவெண்டரிலும் வேறு பல மூலிகைகளிலும் உள்ள லினலூல் என்ற பொருளின் வாசனையை எலிகளுக்குக் காட்டிய ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அவற்றின் பதற்றம் குறைந்ததை 2018-ல் பதிவு செய்தார்கள். முகரும் திறனை இழந்த எலிகளிடம் அந்தப் பலன் தெரியவில்லை. அதாவது ரத்தத்தில் கலந்த மருந்தாக அல்ல, மூக்கின் வழியாகவே அது வேலை செய்தது. இது நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் மனிதர்களிடம் வந்தால் கதை இவ்வளவு சுத்தமாக இல்லை. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் 56 பேரிடம் நடத்தி 2008-ல் வெளியிட்ட ஆய்வில், எலுமிச்சை எண்ணெயின் மணம் மனநிலையைச் சற்று உயர்த்தியது. அமைதிக்குப் பெயர்போன லாவெண்டர் வெறும் தண்ணீரைவிட மேலாக எதையும் செய்யவில்லை. மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலின் அளவிலோ, ரத்த அழுத்தத்திலோ, தோல் காயம் ஆறுவதிலோ இரண்டுக்குமே பலன் இல்லை. லாவெண்டர் எண்ணெய் பதற்றத்தைக் குறைத்ததாகக் காட்டும் ஜெர்மானிய மருத்துவ ஆய்வுகள் உண்டு. அவை 80 மில்லிகிராம் அளவில் விழுங்கும் மாத்திரையைப் பற்றியவை. அந்த முடிவுகளைத் தடவும் எண்ணெயின் விளம்பரத்தில் போடுவது நேர்மையல்ல.

அப்படியென்றால் வாசனைத் தைலம் வெறும் நம்பிக்கைதானா என்று கேட்பது நியாயம். வாசனையின் உளவியலை நெடுங்காலம் ஆராய்ந்த ரேச்சல் ஹெர்ஸ், இத்தகைய ஆய்வுகளை 2009-ல் தொகுத்துப் பார்த்தார். வாசனைகள் மனநிலையையும் உடலியக்கத்தையும் மாற்றுவது உண்மைதான், ஆனால் அந்த மாற்றத்தைப் பொருளின் வேதியியலைவிட அந்த மணத்தோடு நாம் கற்று வைத்திருக்கும் தொடர்புகளே நன்றாக விளக்குகின்றன என்ற முடிவுக்கு வந்தார். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் 2018 ஆய்வு ஒன்றும் இதே பக்கம் கை காட்டுகிறது. அதில் தம் துணைவர் அணிந்த சட்டையை முகர்ந்த பெண்களுக்கு மன அழுத்தம் குறைவாக இருந்தது. முன்பின் அறியாதவரின் சட்டையை முகர்ந்தவர்களுக்குக் கார்ட்டிசால் உயர்ந்தது. இரண்டுமே மனித உடம்பின் வாசனைதான். வேறுபாடு, ஒன்றோடு வாழ்க்கை சேர்ந்திருக்கிறது, மற்றதோடு சேரவில்லை என்பதே. நம்பிக்கைதானே என்று இதை ஒதுக்கத் தேவையில்லை. கற்றுக்கொண்ட தொடர்பு உடம்பில் நிகழும் உண்மையான மாற்றம். அதை நாமே திட்டமிட்டு உருவாக்கவும் முடியும்.

இங்கேதான் எந்த வாசனை என்ற கேள்வி எழுகிறது. பெரும்பாலானோர் தவறான குப்பியை எடுப்பதும் இங்கேதான். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் யாரா யெஷுரூனும் நோவம் சோபெலும் செய்து 2009-ல் வெளியிட்ட ஆய்வு ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்கிறது: ஒரு பொருளோடு முதன்முதலில் சேரும் வாசனைக்கு மூளையில் தனி இடம் கிடைக்கிறது, அடுத்து வந்து சேரும் வாசனை அந்த இடத்தைப் பிடிப்பதில்லை. நம் ஊர்த் துக்க வீட்டை எண்ணிப் பாருங்கள். வாசலிலேயே ரோஜா மாலையும் சம்பங்கியும் மூக்கில் ஏறும். தலைமாட்டில் கட்டுக் கட்டாக ஊதுபத்தி. நடுக்கூடத்தில் சாம்பிராணிப் புகை, அவ்வப்போது தெளிக்கும் பன்னீர், குளிர்சாதனப் பெட்டியின் ஈர வாடை. அன்று அந்த அறையில் இருந்தவருக்கு இந்த மணங்களில் ஒன்றோ இரண்டோ நெடுநாள் அந்த நாளையே அழைத்து வரும். ரோஜாவும் சம்பங்கியும் உலகெங்கும் அமைதி தருவதாகச் சொல்லி விற்கப்படுகின்றன என்பதற்காக அவற்றை வாங்கித் தடவினால், ஆறுதலுக்கு நேர் எதிரானது நடக்கும். அதேபோல் இறந்தவர் பூசிவந்த பவுடரின், தலைக்கு வைத்த எண்ணெயின், அவருடைய அத்தரின் மணத்தையும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அவருடைய வாசனைக்கு வேறு இடம் உண்டு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

தேவைப்படுவது உங்கள் வாழ்க்கையில் அதிகம் எழுதப்படாத ஒரு மணம். தமிழ்நாட்டில் வாழ்பவர்கள் பலருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது வெட்டிவேர். கடலூர் மாவட்டத்தின் கடலோர மணற்பாங்கான நிலங்களில் பயிராகும் இந்தப் புல்லின் வேர், ஈரமண்ணும் மரமும் கலந்த கனமான மணம் கொண்டது. பூவின் இனிப்பு அதில் இல்லை. துக்கத்தில் இருப்பவர்களுக்கு இனிப்பான மணம் குமட்டுவது உண்டு என்பதால் இது பெரிய வசதி. மேலும் அது மெதுவாக ஆவியாகும். காலையில் தடவியது மதியமும் மெல்ல எழும். பானைத் தண்ணீரிலும் தட்டியிலும் வெட்டிவேரை அறிந்தவர்களுக்கு அதில் கோடை விடுமுறையின் சாயல் இருக்கலாம். அந்த நினைவு நல்லதாக இருந்தால் தடையில்லை. மரிக்கொழுந்து அற்புதமான மணம்தான், ஆனால் மாலைகளில் இடையிடையே கட்டப்படுவதால் மேலே சொன்ன சிக்கல் அதற்கும் உண்டு. சந்தனம் விபூதியோடும் மணவறையோடும் மயானத்தோடும் ஒருசேரச் சம்பந்தப்பட்டது. அதோடு உண்மையான சந்தன எண்ணெய் மிகுந்த விலையுடையது, மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் செயற்கை மணம். லாவெண்டர் நம் சமவெளியில் பலருக்கு வாழ்க்கை நினைவு எதுவும் இல்லாத மணம். அதுவே அதைப் பரிந்துரைக்கக் காரணம். அதன் மருத்துவப் புகழ் காரணமல்ல. கடையில் முகர்ந்து பார்த்து, உடனே எந்த முகமும் எந்த நாளும் நினைவுக்கு வராத, ஆனால் இன்னொரு முறை முகரத் தோன்றுகிற மணத்தை எடுங்கள். பட்டியல்களை நம்பித் தேர்வு செய்ய வேண்டாம்.

இந்த இடத்தில் வலுவான ஒரு மறுப்பு வரும். முதலில் சேரும் தொடர்பே நிலைக்கும் என்றால், துக்க நாட்களில் தடவும் புதிய வாசனையும் துக்கத்தோடு ஒட்டிக்கொள்ளாதா? பத்து ஆண்டுகள் கழித்து வெட்டிவேர்ச் சர்பத் குடிக்கும்போது கண் கலங்காதா? ஒட்டிக்கொள்ளும். முழுமையாகத் தடுக்க வழியில்லை. நீங்கள் இழக்கத் துணியாத மணத்தை, மகளின் கல்யாணத்தில் சூட நினைத்திருக்கும் மணத்தை இதற்குப் பயன்படுத்தாதீர்கள் என்பது அதனால்தான். ஆனால் எதோடு ஒட்டுகிறது என்பதைப் பெருமளவு நாம் தீர்மானிக்கலாம். அழுகை பீறிடும் உச்சத்தில் முதன்முறையாகக் குப்பியைத் திறக்கக் கூடாது. அப்போது மூளை கற்பது அந்தப் பீதியோடு சேர்ந்த மணத்தை. சற்று ஓய்ந்திருக்கும் நேரத்தில் தொடங்குங்கள்: குளித்து முடித்த பிறகு, அல்லது வந்தவர்கள் எல்லோரும் கிளம்பி வீடு அடங்கிய மாலையில். மணிக்கட்டில் ஒரு முறை தடவி, மணிக்கட்டை மூக்கருகே கொண்டுவந்து, மூக்கால் மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். நிமிடத்துக்கு ஆறேழு மூச்சு என்ற வேகம் வந்தால் இதயத் துடிப்பு தானாகத் தணியும். சில நிமிடங்கள் போதும். ஒரு வாரம், பத்து நாள் இப்படியே ஓய்ந்த நேரங்களில் மட்டும் செய்த பிறகுதான் கடினமான இடங்களுக்கு அதை எடுத்துச் செல்ல வேண்டும்: வங்கிக்கு, வக்கீல் அலுவலகத்துக்கு, நள்ளிரவு விழிப்புக்கு. அப்போது மணம் வரும்போதே அந்த நிதானமான மூச்சும் உடன் வரும்.

மூச்சுதானே வேலை செய்கிறது, எண்ணெய் எதற்கு என்று கேட்கலாம். மூச்சுதான் பெரும்பங்கு செய்கிறது. இதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. மணமில்லாமலே அப்படி மூச்சுவிட முடிகிறவர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போகலாம். ஆனால் துக்கத்தின் நடுவில் இருப்பவரிடம் மூச்சைக் கவனி என்று சொன்னால் அது பெரும்பாலும் காதில் விழுவதில்லை. கவனிக்கும் சக்திதான் அவரிடம் முதலில் தீர்ந்துபோயிருக்கிறது. மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோவது கையின் வேலை, அதற்கு மனவுறுதி தேவையில்லை. முகர வேண்டுமென்றால் மூக்கால் இழுத்தே ஆக வேண்டும். பத்துப் பேர் கூடியிருக்கும் அறையிலும் யாரும் அறியாமல் இதைச் செய்ய முடியும்.

இது துக்கத்திலிருந்து ஓடி ஒளிவது ஆகாதா என்ற கேள்வி இன்னும் ஆழமானது. அழ வேண்டிய நேரத்தில் அழாமல் அடக்கினால் பின்னால் பெரிதாக வெடிக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்வதில் பொருள் உண்டு. ஒப்பாரி என்ற ஒரு கலையையே அதற்காக வளர்த்த சமூகம் நம்முடையது. ஆனால் ஒப்பாரியும் இடைவிடாது நடப்பதில்லை. பாடுகிறவர்கள் எழுந்து போய்க் காப்பி குடித்துவிட்டு வருவார்கள். மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-ல் முன்வைத்த விளக்கம் இதைத்தான் சொல்கிறது: துக்கத்தைச் சமாளிப்பவர்கள் இழப்பை நோக்கியும் அன்றாட வாழ்வை நோக்கியும் மாறி மாறிப் போய்வருகிறார்கள், இரண்டில் ஒன்றிலேயே தங்கிவிடுவதுதான் ஆபத்து. தைலம் இந்தப் போய்வருதலின் திரும்பும் பாதிக்கு உதவுவது. ஆகவே அழுகை வரும்போதெல்லாம் குப்பியைத் தேடாதீர்கள். படத்தின் முன்னால் உட்கார்ந்து அழும் நேரத்தில் அது அலமாரியிலேயே இருக்கட்டும். அழுது ஓய்ந்து, எழுந்து அடுப்பைப் பற்றவைக்க வேண்டிய நேரத்துக்கு உரியது அது. ஒரு நாளில் மூன்று நான்கு தடவைக்கு மேல் தேவைப்பட்டால், அடக்குவதற்குப் பயன்படுகிறதா என்று நின்று பார்க்க வேண்டும். அடிக்கடி தடவுவதால் பலனும் இல்லை: ஒரே மணத்துக்குச் சில நிமிடங்களில் மூக்கு பழகிவிடும், நமக்கு மங்கியது போலத் தோன்றும்போதும் பக்கத்தில் இருப்பவருக்கு அது நெடியாகவே இருக்கும்.

வழக்கத்தின் பக்கமிருந்து வரும் மறுப்பையும் மதிப்போடு எதிர்கொள்ள வேண்டும். தீட்டு நாட்களில் பூவும் சந்தனமும் வாசனைத் திரவியமும் கூடாது என்பது பல குடும்பங்களில் இன்றும் உள்ளது. கணவரை இழந்த இஸ்லாமியப் பெண்கள் 4 மாதமும் 10 நாளும் இத்தா இருக்கும்போது மணம் பூசுவதைத் தவிர்ப்பது மார்க்க விதி. துக்கம் காப்பது என்பது இறந்தவருக்குச் செய்யும் மரியாதை என்ற எண்ணம் இவற்றின் பின்னால் இருக்கிறது. அதைக் காப்பவருக்கு அதுவே ஒரு பிடிமானம். இத்தாவில் இருப்பவர்கள் அந்த நாட்கள் முடியும்வரை மணமில்லாத மூச்சுப் பயிற்சியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அலங்காரத்துக்காகத்தான் தடை என்று கருதும் குடும்பங்களில், தைலத்தை மேனியில் பூசாமல் கைக்குட்டையின் மடிப்புக்குள் ஒரு சொட்டு விட்டு வைத்துக்கொள்வது பெரும்பாலும் யாருடைய மனத்தையும் நோகடிப்பதில்லை. ஆனால் கணவரை இழந்த பெண் ஆயுள் முழுதும் பூவும் மணமும் நீக்க வேண்டும் என்ற பழைய கட்டளையை இந்த மரியாதையோடு சேர்க்க முடியாது. மனைவியை இழந்த ஆணிடம் அதை யாரும் கேட்பதில்லை. அது துக்கத்துக்குச் செய்யும் மரியாதை அல்ல, பெண்ணுக்குக் கொடுக்கும் தண்டனை. வாசனைத் தைலம் தடவ விரும்பும் விதவைத் தாயை எந்த உறவினரும் தடுக்கக் கூடாது.

இனிச் செய்முறை. நீராவியில் வடித்த எண்ணெயை நேராகத் தோலில் தடவக் கூடாது. எரிச்சலும் ஒவ்வாமையும் வரும். 10 மில்லி ரோல்-ஆன் குப்பியை ஹொஹோபா எண்ணெயாலோ, உறையாத வகைத் தேங்காய் எண்ணெயாலோ, பாதாம் எண்ணெயாலோ நிரப்பினால் அதில் சுமார் 200 சொட்டு இருக்கும். அதோடு 2 முதல் 4 சொட்டு வாசனை எண்ணெய் சேர்த்தால் 1 முதல் 2 சதவீதம். இந்த அளவில் மணம் கையை மூக்கருகே கொண்டுபோனால் மட்டுமே தெரியும். நமக்கு வேண்டியதும் அதுதான். ஸ்பிரிட் கலந்த சென்ட் பக்கத்து அறைவரை போகும், சீக்கிரம் பறந்தும் விடும். எண்ணெய் தோலோடு ஒட்டி மெல்ல எழும். நல்லெண்ணெய் தன் வாசனையாலேயே மற்றதை மூடிவிடும் என்பதால் இங்கே பொருந்தாது. குப்பி வாங்கப் பிடிக்காதவர்கள் நாட்டு மருந்துக் கடையில் வெட்டிவேரை வாங்கி, மண் போக அலசி, ஈரம் துளியும் இல்லாமல் வெயிலில் காயவைத்துச் சிறு துண்டுகளாக நறுக்குங்கள். கண்ணாடி ஜாடியில் வேர் மூழ்கும்வரை தேங்காய் எண்ணெய் ஊற்றி, ஜாடியை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்திச் சிறுதீயில் இரண்டு மணி நேரம் சூடாக்கி, ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். கடைச் சரக்கைவிட மணம் மென்மையாகவே இருக்கும். வேரில் ஈரம் இருந்தால் எண்ணெய் சில வாரங்களில் காறிவிடும். அவசரப்படாமல் காயவைப்பதுதான் இதில் முக்கியமான வேலை.

புதிய கலவையை முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டுத் தடவி, ஒரு நாள் முழுதும் சிவப்போ அரிப்போ வருகிறதா என்று பாருங்கள். பெர்காமோட், எலுமிச்சை போன்ற பிழிந்தெடுத்த தோல் எண்ணெய்களைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருத்துப் புண்ணாகலாம். நம் வெயிலுக்கு அவற்றை விட்டுவிடுவதே நல்லது. லாவெண்டரில் உள்ள லினலூல் காற்றுபட்டுப் பழசாகும்போது ஒவ்வாமை தரும் பொருளாக மாறுகிறது, அதனால் அடர்நிறக் குப்பியில் இறுக மூடி வைத்து, ஓராண்டு ஆனால் மீதியைக் கொட்டிவிடுங்கள். கற்பூரமும் நீலகிரித் தைலமும் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஆபத்து. எந்த வாசனை எண்ணெயையும் விழுங்கக் கூடாது. பேரக்குழந்தைகள் எட்டும் உயரத்தில் குப்பி இருக்கவும் கூடாது. ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். தடவும் இடம் மணிக்கட்டின் உட்புறம் போதும். அத்தர் பயன்படுத்துபவர்கள் பஞ்சில் தோய்த்துக் காது மடலின் மடிப்பில் வைப்பது நல்ல வழக்கம்தான், ஆனால் அங்கிருந்து மணம் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். நாம் விரும்பும்போது மட்டும் அணுகக்கூடிய இடம் வேண்டும் என்பதால் மணிக்கட்டே மேல்.

இறந்தவரின் வாசனையைப் பற்றிச் சொல்வதாகக் கூறியிருந்தேன். பதினாறாம் நாள் முடிந்ததும் துணிமணிகளைத் துவைத்துக் கொடுத்துவிடும் வழக்கம் உள்ள வீடுகளில், அதற்கு முன்பே யாராவது ஒருவர் கேட்க வேண்டும்: துவைக்காத புடவையோ சட்டையோ ஒன்று யாருக்காவது வேண்டுமா? துவைத்த பிறகு அந்த மணத்தைத் திரும்பப் பெற வழியே இல்லை. வேண்டுமென்று சொல்பவர் அதை நன்கு உலர்ந்த நிலையில் காற்றுப்புகாத கண்ணாடி ஜாடியிலோ இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவிலோ வைத்து, வெளிச்சமும் சூடும் படாத இடத்தில் வைக்கட்டும். பாச்சை உருண்டை போட்டால் எல்லாம் போயிற்று. அடிக்கடி திறந்தால் மணம் சீக்கிரம் தீரும் என்பதையும் அவருக்குச் சொல்லிவிட வேண்டும். இதையும் தைலத்தையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள், ஒரே நேரத்தில் முகராதீர்கள். ஒன்று இறந்தவரிடம் போவதற்கு, மற்றது அங்கிருந்து மீண்டு வருவதற்கு.

முகரும் திறன் குறைந்தவர்கள், கோவிட் வந்துபோன பிறகு மணம் சரியாகத் தெரியாதவர்கள், வயது முதிர்ந்தவர்கள் இவர்களுக்கு இந்த முறை உதவாமல் போகலாம். அதில் அவர்கள் குறை ஒன்றும் இல்லை. சொரசொரப்பான பருத்தித் துணியைத் தடவுவதையோ, வெந்நீர்க் குவளையை இரு கையாலும் பிடிப்பதையோ அதே மூச்சோடு பழக்கலாம். மார்வலி, மூச்சுத்திணறல், இடது கை மரத்துப்போதல் வந்தால் துக்கம்தானே என்று உட்கார்ந்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தைலம் தடவிப் பார்ப்போம் என்ற தாமதம் அங்கே உயிரைக் குடிக்கும். இறந்தவரோடு தானும் போய்விட வேண்டும் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தாலோ, பல மாதங்கள் கழிந்தும் ஏக்கம் சற்றும் தணியாமல் எழுந்து நடமாடவே முடியாமல் இருந்தாலோ, அதற்குப் பேச்சுவழிச் சிகிச்சை இருக்கிறது. ஓராண்டு தாண்டியும் அப்படியே நீடிக்கும் துக்கத்தை மனநல மருத்துவம் 2022 முதல் தனி நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறது. இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். வீட்டில் துக்கத்தில் இருப்பவருக்கு ஒரு குப்பித் தைலம் வாங்கிக் கொடுப்பவர், அந்த எண்ணை அவருடைய போனில் பதிந்து கொடுத்து, முதல் அழைப்பின்போது பக்கத்தில் உட்காரவும் வேண்டும்.